பின்பக்கத்து மஞ்சள்

போன வாரம் அச்சகத்துப் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் காலையில் காபி குடித்ததும் கால் தானாக அந்தத் தெருவுக்குத்தான் திரும்புகிறது. வீட்டில் இருந்தால் ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் ஒரு காரணம். கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி கேட்டாள்.

“சார், எல்லா ஊர்லயும் பத்திரிகைக்கு முன்பக்கந்தான் மஞ்ச வைக்கிறாங்க. நம்ம பிரஸ்ல மட்டும் ஏன் சார் பின்பக்கம் வைக்கிறோம்? யாரைக் கேட்டாலும் ராமலிங்கம் சாரைக் கேளுங்கன்னு கைய காட்டுறாங்க.”

ஏதோ கேலியாகச் சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன். இது கேலிக்கு உரிய விஷயமில்லை. கையிலிருந்த டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டேன். எழுதித் தருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

நான் அந்த அச்சகத்தில் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில், மீசை சரியாக முளைக்காத வயதில். முதலில் காமிரா அறை. நெகட்டிவில் ஊசிமுனை அளவுக்கு விழும் ஓட்டைகளைச் சிவப்பு மையால் அடைக்கிற வேலை. பிறகு பிலிம் ஒட்டுகிற வேலை. பிறகு ஸ்கேனர் வந்தது, கணினி வந்தது. நாற்பது வயதுக்கு மேல் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அது கையை விட்டு நழுவி ஓடிய கதையெல்லாம் இங்கே வேண்டாம். எந்தக் கருவி வந்தாலும் என் வேலை ஒன்றுதான். படத்தில் இருக்கக்கூடாத புள்ளியைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் தட்சிணாமூர்த்தி சார். பெயருக்குத் தகுந்தபடி வாயைத் திறக்கமாட்டார் என்று முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வோம். வெள்ளை முழுக்கைச் சட்டை, கை இரண்டே மடிப்பு. கறுப்புக் கயிற்றில் கட்டிய சின்ன லென்ஸ் பையில் தொங்கும். ஒரு புரூஃபைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். நேராகப் பார்த்தால் படம்தான் தெரியும், தலைகீழாகப் பார்த்தால்தான் தப்பு தெரியும் என்பது அவர் கணக்கு. அப்புறம் லென்ஸை மூலையில் வைத்து, உழவு ஓட்டுகிற மாதிரி வரிவரியாக நகர்த்திக்கொண்டு போவார். தப்பைக் கண்டதும் இதுதான் என்று காட்டமாட்டார். அதற்குப் பக்கத்தில், இரண்டு அங்குலம் தள்ளி, விரலை வைப்பார்.

“பாருங்க.”

அவ்வளவுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாமே கண்டுபிடிக்கும் வரை நகரமாட்டார். ஒருமுறை நகைக்கடை காலண்டர் ஒன்றில் பெண்ணின் கையருகே விழுந்த நிழலை நான் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, அவளுக்கு ஆறாவது விரலை உண்டாக்கிவிட்டேன். சார் விரலை வைத்தார், பாருங்க என்றார். நான் வளையலைப் பார்க்கிறேன், மோதிரத்தைப் பார்க்கிறேன், ஒன்றும் புலப்படவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் மனிதர் அசையவில்லை. கடைசியில் விரல்களை எண்ணிப் பார்த்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

எந்தப் புரூஃபுக்கும் மூன்று கையெழுத்து. வேலை செய்தவர், மேஸ்திரி, கடைசியாக சார். மூன்றும் விழாமல் மிஷினில் தாள் ஏறாது. அச்சாகி வந்த முதல் பிரதியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துக் வாடிக்கையாளரிடம் கொடுப்போம். அதை வைக்கிற உரிமை என்னுடையது. என் கை ராசியான கை என்று யாரோ எப்போதோ சொன்னதை நானும் நம்பிவிட்டேன். நான் மஞ்சள் வைத்துக் கொடுத்த பத்திரிகைக்குக் கல்யாணம் நின்றதில்லை என்று நானே பெருமையடித்துக்கொண்ட நாளும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். காரைக்காலிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு டாக்டரம்மா சின்ன மருத்துவமனை நடத்திவந்தார். பெயர் வேண்டாம். கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்திலிருந்து கடல்பூச்சி கடித்தவர்கள், திருக்கை முள் குத்தியவர்கள், சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டவர்கள் என்று நாள் தவறாமல் வருவார்கள். எது கடித்தது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும். அதற்காக ஒரு சுவர்ப்படம் அடிக்க வேண்டும் என்று எங்களிடம் வந்தார். பதினாறு உயிரினங்கள், ஒரே பெரிய தாளில். வலையில் சிக்கி ஒதுக்கிப் போட்டவற்றை மணலில் வைத்து அவரே படம் எடுத்திருந்தார்.

அவருடைய தம்பி பிரகாஷ், சென்னையில் கணினி வேலை செய்கிறவர், கூட வந்திருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எங்கள் மேசையில் விரித்தார். ஒரு வீட்டுக் கூடத்தின் படம். நாற்காலி, விளக்கு, பூச்சாடி. வயர் கோத்த சின்னக் காமிராவை அந்த விளக்குக்கு நேரே பிடித்தார். பக்கத்தில் இருந்த கணினித் திரையில் விளக்கைப் பற்றிய பக்கம் திறந்தது. நாற்காலிக்கு நகர்த்தினார், நாற்காலியைப் பற்றிய பக்கம் வந்தது. நான் தாளைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். வெறும் வெள்ளை.

ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு முகம் தெரிகிறதே, அந்த வாட்டர்மார்க் மாதிரிதான் சார் இதுவும் என்று விளக்கினார். ஆனால் இது கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத்தான் தெரியும். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். அந்த எண்ணைப் பொடிப் பொடியாக்கி அந்தப் பொருளின் நிறப் புள்ளிகளுக்குள் தூவி விடுகிறார்கள். மஞ்சள் நிறத்தில்தான் அதிகம் தூவுவார்களாம், மனிதக் கண்ணுக்கு மஞ்சளில் நுணுக்கம் பிடிபடாது என்பதால்.

சாரின் லென்ஸை வாங்கி அந்த விளக்கை அணு அணுவாகப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்குத் திகைப்பில் காதெல்லாம் சூடாகிவிட்டது. முப்பது வருஷமாகப் படத்தில் எது ஒளிந்திருந்தாலும் எடுத்துவிடுவேன் என்று மார்தட்டியவன் நான். என் கண்ணுக்கு முன்னால் ஒரு தாள் முழுக்க எண்கள் கிடக்கின்றன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது.

வேலையை என்னிடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு உயிரினத்தையும் சுற்றி எல்லை வரைந்து, எண் கொடுத்து, எவ்வளவு அழுத்தமாகத் தூவுவது என்று முடிவு செய்ய வேண்டும். கூடினால் மீனின் தோலில் சொரசொரப்பு தெரியும். குறைந்தால் காமிராவுக்குப் பிடிபடாது. சொறிக்கு உடம்பே கண்ணாடி, அதில் தூவ இடமே இல்லை. அது ஒன்றுக்கே ஒரு முழு நாள் போயிற்று. கீழே வலது மூலையில் கடல்பாம்பு, சுருண்டு, மஞ்சள் மணலின் மேல் கறுப்புக் கோடு கோடாக. அதை ஒட்டி இடப்பக்கம் விலாங்கு வகை மீன் ஒன்று. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி.

சாருக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். படங்களுக்குக் கீழே பெயர் இல்லை. பெயரெல்லாம் திரையில் வரும், அதுதான் இதன் புதுமை என்றார் பிரகாஷ். ஒரே மீனுக்குக் குப்பத்துக்குக் குப்பம் ஒரு பெயர் சொல்கிறார்கள், எதைப் போடுவது என்றார் டாக்டரம்மா. திரையில் படமும் கிடையாது. படம்தான் சுவரில் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று, கணினி மெதுவாகிவிடும் என்றார்கள். அன்றைக்கு சார் வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“பேர் போடாத படத்துக்கு நான் எதைங்க சரின்னு சொல்லிக் கையெழுத்துப் போடுறது?”

கடைசியில் அவரே ஒரு சோதனை முறை ஏற்படுத்தினார். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று தடவை காமிராவைப் பிடிக்க வேண்டும், மூன்று தடவையும் சரியான பக்கம் திறக்க வேண்டும். அப்படியே செய்தோம். பாம்பும் மூன்று தடவை பாம்பாகவே திறந்தது, சிவப்புப் பட்டையோடு. கடித்த கையை அசைக்காதே, நடக்க விடாதே, உடனே பெரிய ஆஸ்பத்திரி என்று எழுத்து வந்தது. விலாங்குக்குப் பச்சைப் பட்டை. கழுவு, கட்டுப் போடு, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பு. சார் கையெழுத்துப் போட்டார்.

முதல் பிரதி வந்தது. நான் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன். புது மாதிரி வேலை, உயிர் காக்கிற வேலை என்று மனசெல்லாம் பொங்கியது. கொஞ்சம் தாராளமாகவே நான்கு மூலையிலும் வைத்தேன். பிறகு லாமினேஷன் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். மங்களகரமாக இருக்கிறதே என்று சொல்லி அந்தப் பிரதியையே கட்டுப்போடும் அறையில் மாட்டினார்.

இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். சர்க்கரை பார்த்துக்கொள்ள ஒரு நாள் காலை பதினொரு மணிவாக்கில் அந்த மருத்துவமனைக்குப் போனேன். ஜெயந்தி என்ற நர்ஸ் என் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே பேசினாள். சேலம் பக்கத்துப் பெண். கடலைப் பார்த்தே ஆறு மாதம்தான் ஆகிறது என்பாள்.

“உங்க படம் இன்னைக்கு ரொம்ப உதவிச்சுங்க சார். ஒரு அம்மாவுக்கு மீன் கடிச்சிடுச்சு. எதுன்னு தெரியாம பயந்து அழுதுட்டே வந்தாங்க. படத்துல அவங்களே கைய வச்சாங்க, காமிராவைக் காட்டுனேன், விலாங்குன்னு வந்துடுச்சு. கட்டுப் போட்டு எட்டு மணிக்கே அனுப்பிட்டேன்.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதில் கை வைத்தார்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். அவள் கதவு வழியாக எட்டி, சுவர்ப்படத்தின் கீழ் வலது மூலையைக் காட்டினாள்.

அந்த மூலையில் இருப்பது பாம்பு.

நான் எழுந்தது எனக்கே நினைவில்லை. காமிராவை எடுத்துப் பாம்புக்கு நேரே பிடித்தேன். பச்சைப் பட்டை. விலாங்கு. காமிரா அசைந்ததால் தப்பாக வருகிறதோ என்று சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தேன். விலாங்கு. மூன்றாவது தடவையும் விலாங்கு. என் கண்ணுக்கு முன்னால் கோடு கோடாகச் சுருண்டு கிடக்கிறது பாம்பு. திரை மட்டும் நிதானமாக விஷமில்லை, விஷமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெயந்தி என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்து டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டரம்மா ஓடிவந்தார். பதிவேட்டில் இருந்தது இவ்வளவுதான்: தனலட்சுமி, கணவர் கலியபெருமாள், நெரவிப் பக்கம் ஒரு கிராமம். போன் எண் இல்லை. வயல் வேலை இல்லாத நாளில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய், வலையில் வந்த கழிவு மீனைத் தரம் பிரிக்கிற கூலி வேலை பார்க்கிறவள். கடலோரத்துப் பெண் அல்ல. அதனால்தான் கடித்தது எதுவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடல்பாம்பு கடித்தால் முதலில் வலியே இருக்காது, மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்று காரை ஓட்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார். வழி காட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், நெரவிப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. மணியைப் பார்க்கவே பயமாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்கு ஒரு மைல் நடந்திருப்பாள் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நடக்க விடாதே என்று எழுதியிருந்ததே.

கலியபெருமாள் வயலிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அலுப்பு தாங்காமல் படுத்திருக்கிறாள், குடித்த காபி கூட வாயோரம் வழிந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். டாக்டரம்மா அவரைத் தள்ளாத குறையாக உள்ளே நுழைந்தார். அவள் மல்லாந்து கிடந்தாள். கண் இமை இரண்டும் பாதியில் நின்றன. வாயைத் திறக்கச் சொன்னார், தாடை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

“தூக்கந்தூக்கமா வருதுங்க,” என்றாள் பல்லைக் கடித்தபடி.

எழுந்து காருக்கு வர முயன்றவளை டாக்டரம்மா அசையவே விடவில்லை. கயிற்றுக் கட்டிலோடு தூக்கினோம். நான்கு பேரில் நானும் ஒருவன். டாக்டரம்மா கிளம்பும்போதே வரச் சொல்லியிருந்த ஆம்புலன்ஸில் ஏற்றி நேரே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டி கிளம்பும்போது கலியபெருமாள் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டார். தேடி வந்து சொன்னதற்கு நன்றி என்று நினைத்துவிட்டார். படம் தப்பாகச் சொன்னதற்குக் காரணம் எனக்கும் அப்போது தெரியாது. ஆனாலும் அந்தக் கை பட்ட இடம் சுட்டது.

மறுநாள் பிரகாஷ் சென்னையிலிருந்து வந்தார். அச்சில்தான் கோளாறு என்றார் அவர். உங்கள் கணினியில்தான் கோளாறு, நான் மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்தேன் என்று நான் கத்தினேன். ஒரு பெண் அங்கே மூச்சுக்கு மிஷின் வைத்துக் கிடக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் இங்கே தப்பு உன்னுடையதா என்னுடையதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார். பெஞ்சில் கிடத்தி, தலைகீழாகத் திருப்பினார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். வழக்கம்போல மூலையிலிருந்து வரிவரியாக நகர்த்தினார். பாம்பிடம் வந்ததும் லென்ஸ் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து, இரண்டு அங்குலம் தள்ளி விரலை வைத்தார்.

“பாருங்க, ராமலிங்கம்.”

நான் குனிந்து பார்த்தேன். மணல், பாம்பு, கோடு, செதில். எதுவும் தெரியவில்லை. லென்ஸைக் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்தினேன். மணலின் மஞ்சளுக்குள் இன்னொரு மஞ்சள் தெரிந்தது. லாமினேஷன் சூட்டில் இளகி, அழுத்தத்தில் பரவி, பாம்பின் உடம்பு முழுக்க மெல்லிய படலமாக மூடியிருந்தது. மற்ற மூன்று மூலையிலும் தலைப்பும் முகவரியும்தான் இருந்தன, அங்கே பரவினாலும் நஷ்டமில்லை. இங்கே மட்டும்தான் உயிர் இருந்தது. அந்தப் படலத்தின் ஓரத்தில் வளைவு வளைவாக ரேகை.

என் கட்டைவிரல் ரேகை.

மஞ்சள் நிறத்தில்தான் எண்ணைத் தூவியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தூவியவனே நான்தான். அதன் மேலேயே மஞ்சளைக் குழைத்துப் பூசியவனும் நான்தான். சாமி காரியம் ஒரு பக்கம், தொழில் காரியம் ஒரு பக்கம் என்று மண்டைக்குள் இரண்டு அறை வைத்திருந்தேன் போலிருக்கிறது. இரண்டும் ஒரே தாள் என்று உறைக்கவே இல்லை.

பிரகாஷும் வெளுத்துப்போய் நின்றார். குறிவைத்த எண்ணைப் படிக்க முடியாவிட்டால் பக்கத்தில் எது படிக்கக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்படி அவர்தான் அமைத்திருந்தாராம். தெரியவில்லை என்று சொல்ல நான் அதற்குச் சொல்லியே கொடுக்கவில்லை சார் என்று மெதுவாகச் சொன்னார்.

சார் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டார். “பேர் போடாத படத்துக்குக் கடைசிக் கையெழுத்து என்னுதுதாங்க,” என்றார்.

தனலட்சுமி பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகம் தள்ளாடி, நின்று, பிறகு தேறியது. ஊர் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடந்தது என்னவென்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. கணினிக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தால் அந்த ஊருக்கு நான் உயிரைக் காப்பாற்றிய மகராசனாகவே இருந்திருப்பேன். அவள் திரும்பிய சேதி வந்த அன்று சார் என் மேசைக்கு வந்தார். போகலாமா என்று கேட்கவில்லை. எப்போது போகிறோம் என்று கேட்டார்.

கலியபெருமாள் பாய் விரித்து உட்காரவைத்தார். மோர் கொண்டுவர எழுந்தார். நான் உட்காரச் சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கிண்ணத்தில் தொடங்கி ரேகை வரைக்கும். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கு உங்க கால்ல வுழுந்தேனேய்யா,” என்றார் திரும்பாமலே.

நாலு பேர் சேர்ந்து அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. மோர் வரவில்லை. வரக்கூடாதுதான்.

தனலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கடிபட்ட வலது கை ஆட்காட்டி விரலை இடது கையால் நீவிக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் யோசித்து யோசித்துப் பேசினாள்.

“எனக்கு அது பாம்பு மாதிரிதாங்க இருந்துச்சு. படத்துலயும் பாம்பு மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா டிவிப் பெட்டில மீனுன்னு வந்துச்சு. நர்சம்மாவும் மீனுன்னாங்க. படிச்சவங்க வச்சிருக்கிற பொட்டி பொய்யா சொல்லப்போவுது, நம்ம கண்ணுதான் பொய்யின்னு நெனச்சுக்கிட்டேன்.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் எங்களிடம் பாருங்க, பாருங்க என்று சொன்ன மனிதர். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

படத்தை மறுபடி அடித்தோம். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் பெயர், பாம்புக்கு மட்டும் சிவப்பில். திரையிலும் படம். படிக்க முடியாவிட்டால் தெரியவில்லை, டாக்டரைக் கூப்பிடு என்று காட்டும்படி பிரகாஷ் மாற்றி எழுதினார். புரூஃபில் மூன்று கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்ததில் சார் தன் கையால் நான்காவதாக ஒரு கோடு இழுத்தார். தனலட்சுமிக்குச் சொல்லி அனுப்பினார். நான் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மினி பஸ்ஸில் தனியாக வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். சார் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். படத்தில் ஒவ்வொன்றாக அவள் கை வைத்தாள், நான் காமிராவைப் பிடித்தேன். பாம்புக்கு வந்தோம். சிவப்புப் பட்டை வந்தது. பாம்பின் படமும் வந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள், பிறகு மறுபடி திரையைப் பார்த்தாள். அப்புறம்தான் தலையாட்டினாள். நான்காவது கோட்டில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். லட்சுமி என்ற பாதியை எழுதும்போது இடம் போதாமல் கீழே இறங்கிவிட்டது.

முதல் பிரதி அச்சாகி வரும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று காரைக்காலிலேயே உறவினர் வீட்டில் தங்கி, மறுநாளும் வந்தாள். தாளை எடுத்து மேசையில் வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோகவில்லை. மஞ்சள் கிண்ணத்தை நான் என்றைக்கோ பரணில் தூக்கிப் போட்டிருந்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“மஞ்ச வைக்கலீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை அம்மா, இனிமேல் இங்கே மஞ்சள் கிடையாது என்று சார்தான் சொன்னார்.

“மஞ்ச என்னங்க பண்ணுச்சு பாவம்,” என்றாள். “வச்ச எடந்தான் தப்பு. பின்னாடி வச்சா படத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

சார் என்னைப் பார்த்தார். நான் பரணில் ஏறிக் கிண்ணத்தைத் தேடி எடுத்தேன். நானே குழைக்க மனசு வரவில்லை, கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவளே வாங்கிக் குழைத்தாள். தாளைக் குப்புறத் திருப்பினாள். கடிபட்டு இன்னமும் சரியாக மடங்காத அந்த ஆட்காட்டி விரலால் மஞ்சளைத் தொட்டு, வெள்ளைப் பின்பக்கத்தின் நான்கு மூலையிலும் நிதானமாக வைத்தாள். அவள் போன பிறகு அது காயும்வரை நானும் சாரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். காய்ந்த பிறகும் அந்தப் பிரதிக்கு நான் லாமினேஷன் போடவில்லை.